கைப்பையின் ஒருதலைப்பட்சம்

முவைலா என்றதும் ஷார்ஜாவாசிகளுக்குப் பள்ளிக்கூடப் பேருந்துகளும் சஃபாரி மாலும் சாயங்கால நெரிசலும் நினைவுக்கு வரும். தொல்லியலாளருக்கு அது வேறு ஊர். பீட்டர் மகீ தலைமையில் நடந்த அகழாய்வில் அங்கே ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழைமையான இரும்புக்காலக் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. தூண்கள் நின்ற கூடம், தென்னரேபிய எழுத்துப் பொறித்த பானை ஓடு, சுடுமண் ஒட்டகப் பொம்மைகள், வளர்ப்பு ஒட்டகத்தின் எலும்புகள் எல்லாம் கிடைத்தன. ஒட்டகத்தைப் பழக்கத் தெரிந்தவர்களுக்குப் பொதி கட்டவும் தெரிந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. ஒட்டகப் பொதி இருபுறமும் சமமாகத் தொங்க வேண்டும். ஒருபக்கம் கனத்தால் சேணம் சரியும், முதுகு புண்ணாகும். இந்த விதியை உரைகல்லாகக் கொண்டு, இன்றைய முவைலாவில் உலவும் பெண்களின் கைப்பையைச் சோதிப்பதே இவ்வாய்வு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒட்டகத்துக்குக் கிடைத்த நியாயம் கைப்பை மாட்டிய பெண்மணிக்குக் கிடைக்கவில்லை.

பணிச்சூழலியல் எந்தச் சுமையிடமும் முதலில் கேட்பது, உடலை ஒட்டி இருக்கிறாயா, இருபுறமும் பகிர்ந்து நிற்கிறாயா என்பதைத்தான். கைப்பை இரண்டுக்கும் இல்லை என்றே பதில் சொல்கிறது. ஒரு தோளில் மாட்டினால், வார் நழுவாதிருக்க அந்தத் தோள் ஓயாமல் உயர்ந்து நிற்கிறது. சாயாதிருக்க மறுபக்க முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. முழங்கை மடிப்பில் தொங்கவிடும் நாகரிகமோ ஒரு கையையே வேலையிலிருந்து நீக்கிவிடுகிறது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சுமை தூக்குவதற்கு ஒரு சமன்பாடு வைத்திருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்தால் 23 கிலோ வரை அனுமதிக்கும் தாராளம் அதற்கு உண்டு. ஆனால் ஒற்றைக் கையால் தூக்குவது தன் வரம்புக்குள் வராது என்று அது விலக்கிவிடுகிறது. கைப்பை தேர்வில் தோற்கவில்லை, தேர்வறைக்குள்ளேயே விடப்படவில்லை. இந்தியப் பள்ளிப் பை கொள்கை 2020 மாணவரின் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது. பிள்ளையைப் பேருந்தேற்றிவிட வரும் தாயின் தோளைப் பற்றி எந்தக் கொள்கையும் வாய் திறக்கவில்லை.

விலை கூடினால் குறை தீரும் என்பாரும் உளர். ஹெர்மெஸ் நிறுவனம் நடிகை ஜேன் பிர்கினுக்காக 1980களின் நடுவில் செய்துகொடுத்த முதல் பையில் கழற்ற முடியாத தோள்வார் இருந்தது. பின்பு கடைக்கு வந்த பிர்கின் பைகளில் அந்த வார் இல்லை. வசதியாக இருந்த ஒரே உறுப்பையும் நறுக்கிவிட்டுத்தான் அது உலகப் புகழ் பெற்றது! அந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவைத் தொட்டது. துபாய் கராமா கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கும் நகலும் தோளை அதே பக்கம்தான் இழுக்கும் என்பது ஏழைகளுக்கு ஓர் ஆறுதல்.

கைப்பை அழகுக்கு, சுமப்பதற்கல்ல என்பது அடுத்த மறுப்பு. அப்படியானால் அது காலியாக இருக்க வேண்டும். முவைலாவில் ஒரு பை இரண்டு தட்பவெப்பங்களுக்குப் பொறுப்பேற்கிறது: வெளியே கொதிக்கும் வெயிலுக்குத் தண்ணீர் பாட்டில், மாலுக்குள் ஏசி குளிருக்குச் சால்வை. எமிரேட்ஸ் ஐடி, கார் சாவி, சார்ஜர், பிள்ளை பாதி தின்ற பிஸ்கட். ஷார்ஜாவில் 2022 அக்டோபரில் பிளாஸ்டிக் பைக்கு 25 ஃபில்ஸ் விதித்து, 2024 தொடக்கத்தில் தடையே செய்துவிட்டதால், மடித்த துணிப்பையும் இதனுள் குடிவந்தது. இத்தனைக்கும் உள்துணி கறுப்பு. கறுப்புச் சாவியை அதற்குள் தேடுவது கையின் வேலை அல்ல, நம்பிக்கையின் வேலை.

இதற்கு மாற்றாகப் பாட்டிமாரின் சுருக்குப் பையை முன்மொழிகிறேன். இடுப்பில் செருகியிருப்பதால் உடலின் நிறைமையத்துக்கு இதைவிட நெருங்கிய இடம் இல்லை. இரண்டு கயிற்றை எதிரெதிரே இழுத்தால் மூடும்; ஓடுகிற பேருந்தில், இருட்டில், வெற்றிலை எந்த அறையில், சில்லறை எந்த அறையில் என்று விரலுக்கே தெரியும். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். ஆறரை அங்குலத் திரையுள்ள கைப்பேசி அதில் நுழையாதே என்று கேட்டால், அது கைப்பேசி செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் செருகுவதற்குச் சேலைக் கொசுவம் வேண்டும், சுடிதாரில் எங்கே செருகுவது என்ற கேள்வி வலுவானது. அதை என்னால் தள்ள முடியவில்லை. ஆகவே ஆய்வு தையற்கடைக்கு நகர்கிறது. சுடிதாருக்குப் பை வைத்துத் தரச் சொன்னால் தையற்காரர் மறுப்பதில்லை. தாராளமாக வைத்துத் தருகிறார், வலப்பக்கம் மட்டும்.