62-க்கு ஏன் பதற்றம்?

கேள்வி: சிட்னியில் பிளஸ் டூ படிக்கும் என் மகள், 'மேத்தமேடிக்ஸ் எக்ஸ்டென்ஷன் 2' பள்ளித் தேர்வில் 62தான் வாங்கியிருக்கிறாள். கவலையாக இருக்கிறது.

பதில்: 62-ஐ விடுங்கள், வகுப்பில் எத்தனையாவது இடம்? எச்.எஸ்.சி.யில், அதாவது அங்கத்திய பிளஸ் டூ இறுதி மதிப்பெண்ணில், பள்ளி மதிப்பீடு பாதி, பொதுத்தேர்வு பாதி. பள்ளி போடும் மதிப்பெண் அப்படியே நிற்காது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் எழுதியதை வைத்துத் திருத்துவார்கள். தரவரிசை மட்டும் மாறாது. அதனால் உங்கள் மகளின் தோழிகள் நன்றாக எழுதினால் இவளுக்கும் ஏற்றம். ஊர் கூடி இழுக்கிற தேர் இது! பாடக்குறிப்பை ஒளித்துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிறகுதான் 'ஸ்கேலிங்': பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக வெவ்வேறு பாட மதிப்பெண்களை ஒப்பிடும்படி சரிக்கட்டுவது. எக்ஸ்டென்ஷன் 2 எடுப்பவர்கள் மற்றப் பாடங்களிலும் கெட்டிக்காரர்கள் என்பதால் இந்தப் பாட மதிப்பெண் மேலே ஏறும். அந்த ஏற்றத்துக்காகவே பிள்ளையை இதில் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. அவளுக்குக் கணக்கு பிடிக்கிறதா?