எஃபெக்ட் சார்

வங்கித் தேர்வுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எங்கள் தெரு ஆசிரியரை, பெற்றோர் இட்ட பெயரால் அழைப்பார் இன்று எவருமில்லை; ‘அஃபெக்ட்’ வினைச்சொல், ‘எஃபெக்ட்’ பெயர்ச்சொல் என்று காலை மாலை இருவேளையும் ஜபித்ததன் பலனாக, ‘எஃபெக்ட் சார்’ என்பதே அவருக்கு நிலைத்துவிட்டது. எஃபெக்டும் அபூர்வமாக வினையாக வருவதுண்டு என்ற ரகசியத்தை, கட்டண பாக்கி வைக்காத மாணவர்களுக்கு மட்டும் கடைசி வாரத்தில் உபதேசிப்பார்.

ஆங்கிலப் பகுதியின் 30 வினாக்களுக்கு 20 நிமிஷமே அவகாசம். தப்பினால் கால் மதிப்பெண் பறிபோகும். அந்தக் கால் மதிப்பெண்தான் அவருடைய ஜீவனோபாயம். உண்மையில் அவ்விரு சொற்களும் ‘செய்’ என்னும் பொருளுடைய ஒரே லத்தீன் வினையின் வயிற்றில் பிறந்தவை. கல்லூரித் தலைவரான பிரின்சிபாலும் கொள்கையான பிரின்சிபிளும் அவ்வாறே ஒரு குலத்துத் தாயாதிகள். பங்காளிகளின் பாகப்பிரிவினையால் வக்கீல் பிழைப்பதுபோல இவர் பிழைக்கிறார்.

‘பிரின்சிபாலின் கடைசி மூன்றெழுத்து தோழனைக் குறிக்கும், ஆகவே அவர் உன் தோழன் என்று நினைவில் வை’ என்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான சூத்திரம். முதல்வரைத் தோழனாகக் கனவிலும் கண்டிராத நம் பிள்ளைகளோ அதைக் கேட்டுத் திருதிருவென விழிப்பார்கள்.

முனைக்கடைப் பலகையில், எழுதுபொருளைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’யில் ‘ஈ’ நிற்கவேண்டிய இடத்தில் ‘ஏ’ நின்றதைக் கண்ட தினம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அண்ணாச்சி, ‘அசையாதது’ன்னு இல்ல எழுதி வச்சிருக்கீங்க!”

“எங்கப்பா காலத்துலேருந்து கடை இந்த இடத்தைவிட்டு அசைஞ்சதில்லையே சார், இதுல என்ன தப்பு?”

அண்ணாச்சி அறியாமலே சொன்னது சரித்திரம். பழைய ஐரோப்பாவில் ஊரூராகச் சுமந்து விற்றவர்களிடையே, ஒரே இடத்தில் ஸ்திரமாகக் கடை போட்ட புத்தக வியாபாரிக்கே ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். அவர் விற்ற சரக்கே பிற்காலத்தில் ஸ்டேஷனரி ஆயிற்று. இதை எஃபெக்ட் சாரிடம் எடுத்துரைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு மாதம் அக்கடைப் பக்கமே திரும்பாதிருந்தார். அடுத்த கடை ஒரு மைல் தள்ளி இருப்பதால், இப்போது மாதிரி வினாத்தாள்களைப் பிரதி எடுப்பது அண்ணாச்சி கடையில்தான். பலகை கண்ணில் படாதபடி தலையைக் குனிந்துகொண்டு நுழைகிறார்.