இருபத்திரண்டாம் நாள் என்ன செய்வது?

இந்த முறை எல்லாமே டில்லிப் பிள்ளைகளின் கேள்விகள்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார்கள். 21 நாள் காலையில் எழுந்து கணக்குப் போட்டேன். 22-ம் நாள் தூங்கிவிட்டேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி? (பத்தாம் வகுப்பு மாணவன், மயூர் விஹார்)

பதில்: உனக்கு மட்டுமா தம்பி, அந்த 21-ஐ நம்பிய பலருக்கும் இதே கதைதான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் கண்ணுக்குப் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து எழுதினார். அவர் பேசியது மூக்கைப் பற்றி. நீ போடுவது கணக்கு! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு செயல் யோசிக்காமல் தானாக வர சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் விட்டால் குடி முழுகிவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 23-ம் நாள் எழுந்து அதே நோட்டைத் திற. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணாதே.

கேள்வி: டிசம்பர் குளிரிலும் நாலு மணிக்கு எழுந்து படி என்கிறார் அப்பா. ரஜாய்ப் போர்வையை விலக்கவே முடியவில்லை. (ஆர்.கே. புரம்)

பதில்: இதை அப்பாவிடமே படித்துக் காட்டு. 13 வயதிலிருந்து 18 வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, தூக்கம் தாமதமாகத்தான் வரும். 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் ஐந்தே மணி நேரம். படித்தது மண்டையில் தங்குவதே தூக்கத்தில்தான். அப்பாவிடம் சொன்ன கையோடு உன் பங்கையும் செய்: இரவு பத்து மணிக்கு மொபைல் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், தலையணைக்கடியில் வேண்டாம்.

கேள்வி: பரீட்சை முடிந்ததும் நல்ல பழக்கங்களை ஆரம்பிக்கலாமா? (கரோல் பாக்)

பதில்: எந்தப் பரீட்சை கண்ணு? போர்டு முடிந்தால் க்யூட் நுழைவுத் தேர்வு, அது முடிந்தால் செமஸ்டர்!

கேள்வி: குகேஷ் மாதிரி பெரிய இலக்கு வைத்திருக்கிறேன். எனக்கு நீட். எங்கிருந்து ஆரம்பிப்பது? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஜனக்புரி)

பதில்: சென்னைப் பையன் குகேஷ் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனதே உங்கள் டில்லியில்தான். 2019 ஜனவரி 15, டில்லி சர்வதேச ஓப்பன். வயது 12 வருஷம், 7 மாதம், 17 நாள். உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்று அப்போது செர்கெய் கர்யாகின் வைத்திருந்த சாதனையை எட்டும் வாய்ப்பு அந்தப் பதினேழு நாள் வித்தியாசத்தில் கைநழுவியது. அதற்காகப் பலகையை மூட்டை கட்டிவிடவில்லை. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன்.

நீ பார்க்க வேண்டியது கோப்பையை அல்ல, பயிற்சியை. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பல ஆண்டுகள் கணினி எஞ்சின் பக்கமே போகவிடாமல் பழக்கினார். எந்த நகர்த்தல் சரி என்று இயந்திரம் நொடியில் சொல்லிவிடும் காலத்தில், பையன் சொந்த மூளையால் திணறித் திணறிக் கணக்கிட வேண்டியிருந்தது. இந்தத் திணறல்தான் ஆட்டக்காரனை உருவாக்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன். உன் எஞ்சின் எது தெரியுமா? கைடின் கடைசிப் பக்கத்து விடைகள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே மேஜையில், பத்து இயற்பியல் கணக்கு. முடிக்கும் வரை அந்தப் பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவை. நாள் குறித்து, தப்பானதை மட்டும் தனி நோட்டில் எழுது.

இன்னொன்று. சிங்கப்பூரில் ஜெயித்ததும் அழுதார் குகேஷ். அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் பழையபடி அடுக்கினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோதும் கை தன் வேலையை மறக்கவில்லை பார்.

கேள்வி: காலை ஓட்டம் நன்றாகப் போனது. நவம்பர் புகை வந்து எல்லாம் பாழ். (துவாரகா)

பதில்: காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாளில் ஓடுவது வீரமல்ல, நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். 2024 நவம்பரில் பள்ளிகளே ஆன்லைனுக்குப் போயின. ஓட்டத்தை நிறுத்து, நேரத்தை மட்டும் விட்டுவிடாதே. அதே ஆறரை மணிக்கு ஷூவைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்திய அறைக்குள் தண்டால், பஸ்கி. மார்ச்சில் பூங்காவுக்குப் போகக் கால் தானே கிளம்பும். இந்தப் புகைக்குப் பெரியவர்களாகிய நாங்கள்தான் பொறுப்பு. அது தீரும்வரை நீ பொறுக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனைதான்.

கேள்வி: தமிழ்ப் பள்ளியில் படித்தும் தமிழ் நாவல் படிக்க வரவில்லை. நேரமும் இல்லை. மெட்ரோவிலேயே பாதி நாள் போகிறது. (மயூர் விஹாரிலிருந்து லட்சுமிபாய் நகர் பள்ளிக்குச் செல்லும் மாணவி)

பதில்: நேரம் அந்த மெட்ரோவிலேயே இருக்கிறது அம்மா! 'நிறையப் படிப்பேன்' என்ற சபதத்தைவிட, 'இன்ன இடத்தில் இன்னதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போடுபவர்களே அதிகம் சாதிக்கிறார்கள் என்று உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். உன் முடிச்சு இது: மயூர் விஹாரில் பிங்க் லைன் கதவு சாத்தியதும் புத்தகம் வெளியே. லஜ்பத் நகரில் கூட்டம் ஏறும். அதுவரை இரண்டு பக்கம் போதும், பிறகு மொபைல் உன் இஷ்டம். ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் மெலிந்த சிறுகதைத் தொகுப்பாகக் கேட்டு வாங்கு. சொல் புரியாத இடத்தில் நிற்காதே, நோட்டில் குறித்துக்கொண்டு மேலே போ. மாலையில் பாட்டிக்குப் போன் போட்டு அந்தச் சொற்களைக் கேள். அவர் ஒன்றுக்கு மூன்று கதையோடு பதில் சொல்வார்.