ஐந்தாவது வட்டத்தை நிரப்பாதவர்

குரூப் 4 தேர்வில் இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். முதல் நான்கும் விடைகள். ஐந்தாவது, 'விடை தெரியவில்லை'. தெரியாதென்றால் கேள்வியைச் சும்மா விட்டுவிட்டு வர முடியாது. கறுப்பு மையால் வட்டத்தை நிரப்பி, எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தாது. அவர்தான் அனுபவஸ்தர்.

எந்த மாவட்டத் தலைநகருக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். பிள்ளைகள் பழைய வினாத்தாளும் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமுமாக எங்கே கூடுகிறார்களோ அங்கே இருப்பார். மைய நூலகத்து வாசல், நகராட்சிப் பூங்காவின் சிமென்ட் பெஞ்சு, கோயில் மண்டபம். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மார்கழியானால் குரங்குக் குல்லா. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவிக்கு இரண்டு படி கீழேயே ஓய்வுபெற்றுவிட்டார். அதற்கு யார் காரணம் என்பது தனிக் கதை. கேட்காவிட்டாலும் சொல்வார்.

"சார், காலமும் வேலையும் கணக்குதான் சார் இடிக்குது. பன்னண்டு பேர் எட்டு நாள்ல முடிக்கிற வேலையை..."

"தம்பி, நான் எண்பத்தொண்ணுல சர்வீஸ்ல சேர்ந்தப்ப எங்க செக்‌ஷன்ல பன்னண்டு பேர் வேலையை நான் ஒருத்தன் பார்த்தேன்."

பையன் பென்சிலை எடுக்கிறான். எத்தனை நாளில் முடித்தார் என்று சொன்னாலாவது கணக்குக்கு உதவும். ஆனால் பேச்சு அதற்குள் கலெக்டர் ஜமாபந்திக்கு வந்ததற்கும், கோப்பு காணாமல் போனதற்கும், அதை இவர் மட்டும் கண்டுபிடித்ததற்கும் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து அவர் எழுந்து போகும்போது பன்னிரண்டு பேரும் எட்டு நாளும் நோட்டில் அப்படியே கிடக்கிறார்கள்.

அவர் வேலையில் சேர்ந்த விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது, போனார். 'டென் ஏ ஒன்' விதியில் தற்காலிகமாக உட்கார்ந்தார், பிறகு ஒரு சிறப்புத் தேர்வெழுதி நிரந்தரமானார். 2024இல் குரூப் 4க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இதற்கு அவர் சொல்லும் வழி, "விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரி." இருபது லட்சம் பேரும் நாலு மணிக்கு எழுந்தால் என்ன செய்வது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. வளர்ப்பு அப்படி.

மனம் தளர்ந்தவர்களுக்கென்று ஓர் அஸ்திரம் வைத்திருக்கிறார். பென்ஷன். "வேலை பார்க்குற வரைக்கும் சம்பளம், அப்புறம் சாகுற வரைக்கும் பென்ஷன். கவர்மென்ட் உத்தியோகம்னா சும்மாவாம்மா?" என்பார். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் கணக்கே மாறிவிட்டது. எதிரே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் அந்த வருஷம்தான் பிறந்தாள்.

தேர்வில் ஜெயித்தவனுக்கும் விடுதலை கிடையாது. பவானிசாகர் பயிற்சிக்குப் பெட்டி கட்டும் பையனைக் கூப்பிட்டு, அங்கே போனதும் யாரைப் பார்க்க வேண்டும் என்று தன் காலத்துச் சமையல்காரர் பெயரைச் சொல்லி அனுப்புவார்.

இந்த இனத்தில் கிளைகள் உண்டு. பதினைந்து வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்த மாமா, மூன்று பிள்ளை பெற்றதால் தெருவுக்கே மகப்பேறு மருத்துவராகிவிட்ட அத்தை, ஒரே ஒரு பைபாஸ் செய்துகொண்டு இதய நிபுணரானவர். இவர்களை வேறொரு நாள் பார்க்கலாம். அரசு ஊழியக் கிளைக்கு இருக்கும் பொறுமை மற்றவர்களுக்கு வராது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். தமிழ் வழியில் படித்த சான்றிதழில் தலைமையாசிரியர் எந்த வரியை எழுதாமல் விடுவார், சாதிச் சான்றில் இனிஷியல் மாறியிருந்தால் யாரிடம் போக வேண்டும், எந்த நகலுக்கு எந்தச் சான்றொப்பம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. தாலுகா ஆபீஸ் வரைக்கும் கூடவே வந்து, வெயிலில் நின்று, காரியத்தை முடித்துக் கொடுத்து, டீயும் வாங்கித் தருவார். விசித்திரம் என்னவென்றால் அந்த நேரத்தில் எண்பத்தொண்ணு என்ற வார்த்தையே வாயில் வராது.

வருஷத்துக்கு ஒருமுறை சக்கரம் திரும்பும். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம். போனில் முகம் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அவர் சிமிட்டுவது அதற்குப் போதவில்லை. "சார், கண்ணாடியைக் கழட்டுங்க... வெளிச்சத்துக்கு வாங்க... பேசாதீங்க சார்." கடைசிக் கட்டளைதான் கஷ்டம். ஒருவழியாக அவர் உயிரோடு இருப்பதைக் காலமும் வேலையும் கணக்கு வராத அதே பையன் அரசாங்கத்துக்கு நிரூபித்துக் கொடுப்பான்.

எங்கள் தெரு அனுபவஸ்தர் வீட்டில் போன வருஷம் ஒரு சம்பவம் நடந்தது. இரண்டே கேள்வியில் வாய்ப்பை விட்ட பெண் ஒருத்தி, இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவள், திண்ணையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாரும்மா, என் அனுபவத்துல..." என்று தொடங்கினார். காபி கொண்டுவந்த வீட்டம்மா குறுக்கே புகுந்துவிட்டார்.

"அழாதே கண்ணு. அக்கவுண்ட் டெஸ்ட்னு ஒண்ணு, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதுலயே இவரு மூணு தடவை கோட்டை விட்டாரு. மூணாவது தடவை ரெண்டு நாள் மொட்டைமாடியை விட்டு இறங்கலை. சோத்தை நாந்தான் மேலே கொண்டு போனேன்."

அழுகை நின்றது. "நெசமாவா சார்?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தைப் பார்த்துமா என்று இன்னொரு முறை கேட்டாள். சிரித்துவிட்டாள். கொடுக்க வந்த புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அனுபவஸ்தர் ஒரு வாரம் பூங்காப் பக்கமே வரவில்லை. செய்தி அதற்குள் நூலகம் வரைக்கும் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஜமாபந்திக் கதையைக் கேட்க ஆளில்லை. "சார், அந்த மொட்டைமாடிக் கதை சொல்லுங்க" என்று சூழ்ந்துகொண்டார்கள். முதல் நாள் கோபித்துக்கொண்டார். மறுநாள் லேசாகச் சொன்னார். இப்போது கேட்காமலே சொல்கிறார்.

வீட்டம்மா கணக்கில் மூன்று தடவை. தீபாவளிக்குப் பிறகு அது ஐந்தானது. போன வாரம் பக்கத்துப் பெஞ்சிலிருந்து காது கொடுத்தபோது ஏழு. மொட்டைமாடியில் பத்து நாள், அதுவும் அடைமழையில்.