கோட்டைப் பிடித்தவன்

உள்ளே போகவே மாட்டார்கள். ஸ்டுடியோ வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு, நேராக ஷோகேஸ் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொள்வார்கள். அதற்குள் யார் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மொட்டையடித்துக் காது குத்திய குழந்தை. கன்னத்தில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கும் கல்யாணப் பெண். வெயில் பட்டுப் பட்டு உதடுவரை நீலம் பாரித்துப்போன ஒரு மாப்பிள்ளை. அந்தத் தெருவில் போகிற வருகிற யாரும் பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத இந்த மூன்று பேரையும், ஆபீஸ் போட்டோவுக்கு ஸ்டுடியோ தேடுகிற ஆசாமிகள் மட்டும் பெண் பார்க்க வந்தவர்கள்போலப் பார்ப்பார்கள்.

"மாப்ள, இந்தாளுக்கு மூக்கு பெரிசாத் தெரியுது பாத்தியா?"

"அவருக்கு மூக்கே அப்படித்தானோ என்னமோ, மாமா."

"மூக்கு என்னடா பண்ணும்? கேமராவைக் கிட்டக் கொண்டுபோயிட்டான். 85 எம்எம் லென்ஸ் போட்டு எட்டி நின்னு எடுத்திருந்தா இப்படி முன்னால வந்து நிக்காது."

சொன்னது சரிதான். செல்ஃபியில் நம் மூக்கு முந்திரிப்பழமாக வருவதும் கை நீளத்துக்குள் வைத்து எடுப்பதால்தான். சரியாகச் சொல்வதுதான் இந்த வகையினரோடு பெரிய தொந்தரவு. தப்பாகச் சொன்னால் ஒரு வார்த்தை மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

கோட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எந்த ஸ்டுடியோ எப்போது பிடித்துப்போகும் என்று தெரியாதே, அதனால் கோட்டு கூடவே வரும். கசங்கக் கூடாது என்பதால் ஹாங்கரோடு, சலவைக்கடை பாலித்தீன் உறையோடு, பின் சீட்டில் இருப்பவன் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இந்த வகையினர் எல்லோருக்கும் மனைவி வழியில் ஒரு தம்பி இருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேறு வேலை கிடையாது என்று வீட்டில் முடிவு செய்திருப்பார்கள். அசோக் நகரிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் காற்றில் அந்தக் கோட்டு உப்பிக்கொண்டு வரும். ஒருமுறை பனகல் பூங்கா அருகில் போக்குவரத்துக் காவலர் மூன்று பேர் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார். கிட்டே வந்து, மூன்றாவது ஆளுக்குத் தலை இல்லை என்று பார்த்தபிறகுதான் விட்டார்.

எல்லாம் எதற்கு? கம்பெனி மாறியிருப்பார்கள். புது இடத்தில் எச்.ஆர். பெண், "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ப்ரொஃபஷனல் போட்டோ அனுப்புங்க சார்" என்று சொல்லியிருப்பாள். எந்த வெள்ளிக்கிழமை என்று அவள் சொல்லவில்லை என்பது இவர்கள் கட்சி. அதுவரை லிங்க்ட்இன்னில் இருப்பது ஏதோ ஒரு வளைகாப்பில் எடுத்து வெட்டிய படம். தோளில் யாருடையதோ நாலு விரல் இருக்கும். ஓரத்தில் மயில்கழுத்துப் பச்சையில் கொஞ்சம் பட்டுப்புடவை தெரியும். அந்தப் புடவை என் அக்காவுடையது என்று யாராவது கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஷோகேஸுக்கு வருகிறேன். மூக்கு முடிந்ததும் கண். சட்டைப்பையிலிருந்து படிக்கிற கண்ணாடி வெளியே வரும். போட்டோவில் இருப்பவரின் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குமே, அதைப் பார்ப்பார்கள். எதிரில் வைத்த விளக்கின் பிம்பம் அது. வட்டமாக இருந்தால் குடை, சதுரமாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸ், புள்ளியே இல்லாவிட்டால் கண் செத்துப்போன மாதிரி இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல் இவர்கள் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள், கருவிழியை மட்டுமே பார்க்கிறார்கள். கல்யாண வீட்டு வாசல் பேனரில்கூட அதைத்தான் பார்க்கிறார்கள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்டுடியோ. கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குக் குனிந்து, கன்னத்தில் விரல் வைத்த அந்தப் பெண்ணின் கண்ணையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்காற்றில் கண்ணாடி பனித்தது. கர்சீஃபால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாப்ள, இந்தப் பொண்ணு கண்ணுல ரெண்டு குடை தெரியுது. ரெண்டும் ஒரே உயரம். தப்பு."

உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"தெரிஞ்ச பொண்ணா சார்?"

"இல்லீங்க, கண்ணைப் பாத்திட்டிருந்தேன்."

"அது என் மருமக."

அந்த ஸ்டுடியோ அத்தோடு பட்டியலிலிருந்து போனது. லைட்டிங் சரியில்லை என்று அக்காவிடம் சொன்னார்.

உள்ளே போய்விட்டாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க விசாவா, இரண்டுக்கு இரண்டு இஞ்ச். ஷெங்கனா, 35-க்கு 45 மில்லிமீட்டர். அளவைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். அவரிடம் போய், "ஹெட்ஷாட் எடுக்கணும்" என்றால், "தலை மட்டுமா, கழுத்தோடயா?" என்பார். "இல்லீங்க, ஒரு லீடர் லுக் வேணும்" என்றால் அவர் முகம் மலரும்.

"எந்தக் கட்சி சார்? பேனருக்குன்னா கும்பிடுற மாதிரி எடுத்திரலாம்."

புதுமாதிரி ஸ்டுடியோ மாடியில் இருக்கும். ஏசி, சாம்பல் நிறச் சுவர், சர்க்கரை போடாத காபி. "நாங்க போட்டோ எடுக்கிறதில்ல சார், உங்க ஸ்டோரியைச் சொல்றோம்" என்று குடுமி போட்ட பையன் சொல்வான். ஸ்டோரி பதினைந்தாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. படி இறங்கும்போது, "என் ஸ்டோரியை உங்கக்கா சும்மாவே சொல்லுவா" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். சாலிகிராமத்தில் ஒரு இடத்தில் எல்லாம் கூடிவந்து, கோட்டும் மாட்டி, படமும் எடுத்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் யாரையும் கேட்காமல் மௌஸை இரண்டு இழுப்பு இழுத்தான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது வருஷம் வெயிலில் அலைந்து சேர்த்த நிறம். கன்னத்து மருவையும் எடுத்துவிட்டான். "எல்லாரும் இப்படித்தான் சார் கேப்பாங்க" என்றான். நாங்கள் கேட்கவில்லை. என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் இருப்பதும் அக்கா இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரி. கறுப்பு என்பது போட்டோவில் வந்த பிழை, அதைத் திருத்துவது தொழில்தர்மம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எடுத்ததற்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, படத்தை வாங்காமல் வந்தார். அது நியாயம்.

மற்ற பதினோரு ஸ்டுடியோக்களுக்கு நியாயம் கிடையாது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். பெட்ரோல் இரண்டு தடவை நான் போட்டேன். கை தோளோடு வலிக்கிறது.

1839-ல் பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்பவர் தன் வீட்டு விளக்குக் கடைக்குப் பின்னால் கேமராவை வைத்துவிட்டு, அதன் எதிரில் தானே போய் நின்று தன்னை எடுத்துக்கொண்டார். தலை கலைந்திருக்கும். ஆள் நடுவில்கூட இல்லை, ஓரமாக நிற்பார். இன்றுவரை அந்தப் படத்தை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நான் எடுத்துச் சொன்னேன். "அடுத்த வருஷமே அவர் சொந்தமா ஸ்டுடியோ திறந்துட்டாரு, தெரியுமா?" என்றார். அதுவும் சரியாகவே இருந்தது.

உண்மையில் இவர்களுக்குப் பிடிக்காதது ஸ்டுடியோ அல்ல. 1977-ல் அமெரிக்காவில் மூன்று பேர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே முகத்தை அப்படியே ஒரு பிரதியும், இடம் வலம் மாற்றி ஒரு பிரதியும் போட்டுக் காட்டியபோது, தோழிகள் அசல் படத்தை விரும்பினார்கள். முகத்துக்குச் சொந்தக்காரிகளோ மாற்றிப்போட்ட படத்தை விரும்பினார்கள். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகியது அதுதானே. இவரும் வகிட்டை வலப்பக்கமாகவே ஐம்பது வருஷம் பார்த்துவிட்டார். எந்த ஸ்டுடியோ போனாலும் வகிடு மாறிய அந்நியர் ஒருவர்தான் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் போட்டோ காலேஜ் பஸ் பாஸுக்காக அப்பா கூட்டிப்போய் எடுத்ததாம். ஒரே கிளிக். கண் மூடிக்கொண்டதா இல்லையா என்று நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மூடியிருந்தது. இன்னொரு தடவை எடுக்க அப்பா காசு தரவில்லை. மூன்று வருஷம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனதாகச் சொன்னார். நான் கோட்டை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைசியாகப் போனது கே.கே. நகரில். ஷோகேஸில் கண்ணெல்லாம் சரி, மூக்கெல்லாம் சரி. உள்ளே போனதும் தான் உட்காருவதற்கு முன் லைட்டைச் சோதிக்க வேண்டும் என்றார். சோதிக்க ஒரு முகம் வேண்டும். ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். கறுப்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று தெரியவேண்டும் என்பதால் கோட்டையும் நானே போட்டுக்கொண்டேன். குடைக்குப் பக்கத்திலேயே அவர் நின்று, "இன்னும் அரையடி மேல ஏத்துங்க, மாப்ள நாடியை இறக்கு" என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது.

போன வாரம் அந்தப் பக்கம் போனோம். நீலம் பாரித்த மாப்பிள்ளையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னை மாட்டியிருந்தார்கள். பெரிய சைஸ். ஸ்கூட்டர் நின்றது. ஹெல்மெட் என் கைக்கு வந்தது. படிக்கிற கண்ணாடி வெளியே வந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, உன் கண்ணுல குடை நல்லா விழுந்திருக்கு. பக்கத்துல ஒரு கறுப்புப் புள்ளி நிக்குதே, அது யாரு?"

"நீங்கதான் மாமா."

கர்சீஃபால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நல்லாத்தான் நிக்கிறேன்."