மாற்று ஆட்டக்காரரின் குடும்பம்

ஈப்போவின் புந்தோங்கில் காற்பந்து ஆடுவது பிள்ளை, களைத்துப்போவது குடும்பம். சனிக்கிழமை காலையில் பள்ளிகளுக்கிடையே ஆட்டம் என்றால், வெள்ளி இரவே நாசி லெமாக்குக்குச் சம்பல் கிண்டத் தொடங்கிவிடுவார் அம்மா. சித்தி வீட்டுப் பங்கு, கச்சாங் பூத்தே. ஈப்போவுக்கே கடலையும் முறுக்கும் பொரித்துப் போடும் கம்பத்துக்காரர்கள் வெறுங்கையோடு திடலுக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

பையன் மாற்று ஆட்டக்காரன்தான். இருந்தும் இரண்டு கார், ஒரு ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள்.

திடலோரம் நிற்கும் அத்தனை பேரும் பயிற்றுநர்கள்; சம்பளம் வாங்கும் ஒருவர் மட்டும் வாய் திறப்பதில்லை. தாத்தா ஆட்டத்தையே பார்ப்பதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்ற கதையைப் பக்கத்தில் அகப்பட்டவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அதே ஒலிம்பிக்கில் மொரோக்கோவிடம் 6-0 என்று வாங்கியது அந்தக் கதையில் வராது. அப்பாவின் வரலாறு 2018இல் தொடங்குகிறது: பேராக் அணி பெனால்டியில் மலேசியக் கிண்ணத்தை வென்ற வருடம்.

ஒரு சனிக்கிழமை, கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பையனை இறக்கினார்கள். பந்தை ஒரே தடவை தொட்டான், அதுவும் கையால். கோட்டுக்கு வெளியே போனதை எடுத்து எறிந்தான்.

"என்னமா எறிஞ்சான் பாத்தியா!" என்று மத்தியானம் பாட்டி பெரிய கோழித்துண்டை அவன் தட்டில் வைத்தார். கோல் போட்ட பையன் வீட்டில் காலையில் என்ன பசியாறினார்கள் என்று அம்மா விசாரித்தார்.

"அடுத்த வாரமும் எல்லாரும் வருவீங்களா?" என்று பையன் கேட்டான். எல்லாரும் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.