நாரியல்: பல்லிடுக்கு பற்றி ஒரு முன்னோடி ஆய்வு

கொச்சியின் இடப்பள்ளி புனித ஜார்ஜ் தேவாலயத் திருவிழா ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதத்துக்குள் நீளும். கோழி நேர்ச்சைக்குப் பேர்போன திருவிழா. நேர்ந்த கோழி குழம்பாவது உலக வழக்கம். குழம்பான கோழி கடைசியில் எங்கே போகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பெரும்பகுதி வயிற்றுக்குப் போகிறது. மிச்சம் ஒரு நூலிழை அளவு, கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அது உட்கார்ந்த கணத்திலிருந்து உண்டவர் வேறு மனிதர். கன்னம் ஓரிடத்தில் உப்புகிறது, அடங்குகிறது, மறுபடி உப்புகிறது. கண் எதிர்ச்சுவரில் நிலைகுத்தி நிற்கிறது. மைத்துனர் நிலப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டால் “ம்” என்கிறார். மருமகளின் ஊரைப் பற்றிக் கேட்டாலும் அதே “ம்”தான். தியானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு கிருகஸ்தன் வேறெப்போதும் போவதில்லை. நாக்கு நுனி மட்டும் இருட்டில் சாவித்துளை தேடும் கை போல அலைந்துகொண்டிருக்கிறது.

ஆய்வுக்கு இடப்பள்ளியைத் தேர்ந்ததற்கு மொழியியல் காரணமும் உண்டு. மலையாளத்தில் ‘இட’ என்றால் இடைவெளி. ஆகவே இடப்பள்ளி என்பது ‘இடைப்பல்’ என்ற பழஞ்சொல்லின் திரிபு என்று நிறுவிவிடலாம் என ஆய்வாளர் மூன்று நாள் முயன்றார். லகரம் இருக்க வேண்டிய இடத்தில் ளகரம் நின்று வழிவிட மறுத்தது. பள்ளி என்றால் தேவாலயம் என்று ஆட்டோக்காரர் தெளிவுபடுத்திய பிறகு அந்த அத்தியாயம் கைவிடப்பட்டது.

துறைக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு சிரமம் இல்லை. நார் பற்றிய இயல், நாரியல். இந்திக்காரர்கள் இதைத் தேங்காய் என்று புரிந்துகொள்வார்கள். தேங்காயும் கேரளமும் சேர்ந்தே இருப்பதால் அவர்களைத் திருத்தத் தேவையில்லை.

நாரின் வகைகளில் மாங்காய் நார் நீளமானது, பிடிவாதம் குறைவு. கப்பைக் கிழங்கின் நடுநரம்பைச் சமைப்பவர் எடுத்துவிட்டால் சிக்கல் இல்லை; எடுக்காமல் விட்டால் அவருடைய பெயர் நாலு நாள் நினைவிலிருக்கும். முருங்கைக்காய்ச் சக்கை பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் துப்பினால் போய்விடும். கறிவேப்பிலை நரம்பு, பாக்குத் தூள், எள் மூன்றும் நார்க் குலத்தில் சேரா. ஆனால் தொழில் ஒன்றுதான் என்பதால் இணைப்பு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டிறைச்சி நார். மட்டாஞ்சேரியில் 1948 முதல் காயிக்கா பிரியாணி என்று கொண்டாடப்படும் மட்டன் பிரியாணியை உண்டு வெளியே வரும் எவரையும் நிறுத்திப் பாருங்கள். முகத்தில் நிறைவு இருக்கும், நாக்கில் வேலை இருக்கும். இதில் பிரியாணியின் குற்றம் ஒன்றுமில்லை. பற்களை இடைவெளி விட்டு நட்டது யாரோ, அவரிடம் கேட்க வேண்டும்.

முன்னோர் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. குரோஷியாவின் கிராப்பினா குகையில் கிடைத்த, ஏறத்தாழ 1,30,000 ஆண்டு பழைய நியாண்டர்தால் பற்களின் ஓரத்தில் குச்சி தேய்த்த பள்ளங்கள் இருக்கின்றன. எழுத்து, சக்கரம், சட்டி எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் பாறையில் சாய்ந்து “ம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சுசுருதர் பல்குச்சிக்குப் பன்னிரண்டு விரற்கடை நீளம் விதித்தார். 7ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் தங்கிய சீனத் துறவி இ-ட்சிங்கும் அதே பன்னிரண்டை எழுதி வைத்தார். தமிழில் ஆசாரக்கோவை பல் துலக்குவதைக் ‘கோல் தின்பது’ என்கிறது. குச்சியை மென்று தின்றே தீர்த்த பரம்பரையின் பேரர்கள் இன்று பேஸ்ட் பட்டாணியளவு போதுமா என்று கேட்கிறார்கள்.

கேரளத்துக்கு இதில் தனி மரபு உண்டு. உமியைக் கரித்து உப்பும் மிளகும் சேர்த்துப் பொடித்த உமிக்கரி. கூடவே பழுத்த மாவிலை. அந்த இலையால் தேய்த்தால் புழுத்த பல்லும் நவரத்தினமாகும் என்பது மலையாளப் பழமொழி. துலக்கி முடித்ததும் தென்னை ஈர்க்கைப் பிளந்து நாக்கு வழிப்பார்கள். அதே ஈர்க்கின் நுனி இடுக்குக்கும் போய்வரும். ஈர்க்கு கிடைக்காத நகரவாசியின் ஆயுதக் கிடங்கு பெரியது: ஊக்கு, தீக்குச்சி, நான்காக மடித்த பஸ் டிக்கெட், பிறர் கொடுத்த விசிட்டிங் கார்டின் மூலை, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் ஓரம். இவற்றில் எதைக் கையாண்டாலும் இடது கையால் வாயை மூடிக்கொள்வது நாகரிகம். கைக்குப் பின்னால் யுத்தமே நடந்தாலும் எதிரே இருப்பவர் பார்க்காதது போல இருந்துவிட வேண்டும். இந்த ஒப்பந்தம் எங்கும் எழுதப்படவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

இங்கே ஃபோர்ட் கொச்சி தோபி கானாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டதாகச் சொல்லும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கின்றன, வீட்டில் தமிழ் பேசுகின்றன. துவைத்ததைக் காயப்போட அங்கே கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். புரி இரண்டையும் விரலால் சற்றுப் பிரித்து வேட்டி முனையை உள்ளே செருகிவிட்டால் போதும். எந்தக் காற்றுக்கும் துணி அசையாது. கழற்ற வேண்டுமானால் புரியை மறுபடி விலக்க வேண்டும். ஆய்வாளர் அரைமணி நேரம் நின்று பார்த்தார். கடைவாய்ப் பல்லின் இயந்திரவியலை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கவில்லை. பிடித்திழுத்தால் இறுகும், பக்கவாட்டில் தள்ளினால் விடும். குச்சி குத்துவது முதல் வகை, நூல் விடுவது இரண்டாம் வகை.

அந்த நூலுக்கு ஃப்ளாஸ் என்று பெயர். நியூ ஆர்லியன்ஸ் பல் வைத்தியர் லீவை ஸ்பியர் பார்ம்லி மெழுகு பூசிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் விடச் சொன்னார். 1819இல் வெளியான அவருடைய புத்தகத்தில் அந்த யோசனை இருக்கிறது. 1882இல் மாசசூசெட்ஸ் நிறுவனமொன்று பட்டு ஃப்ளாஸைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1898இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் காப்புரிமை வாங்கியது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பட்டின் இடத்தில் நைலான் வந்தது. காஞ்சிபுரத்தை வைத்துக்கொண்டு நாம் இதை முதலில் யோசிக்காமல் விட்டது வியப்புதான். பட்டைக் கட்டிக்கொள்ளவே காசு போதவில்லை என்பது ஒரு விளக்கம்.

இனி ஆய்வின் நடுமுடிச்சு. நாக்கு மணிக்கணக்கில் தேடிய அந்த நார் பெரிய குற்றவாளி இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, உறுத்துகிறது, பிடிபடுகிறது. ஊரில் திருட்டு நடந்தால் புதிதாக வந்தவனைப் பிடிப்பது போல எல்லோரும் அதைப் பிடிக்கிறார்கள். உள்ளூர்க் குற்றவாளி வேறு: பல்லின் பக்கச் சுவரில் நாள்தோறும் படியும் பாக்டீரியாப் படலம். நிறமில்லை, உறுத்தாது, நாக்குக்கு எட்டாது. கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து முகம். பிரஷ் போவது வெளி, உள், மேல் என்ற மூன்றுக்கு. பக்கத்துப் பல்லைப் பார்த்து நிற்கும் இரண்டு முகங்களை அது தொடுவதில்லை. அங்கே படிந்தது எச்சிலில் உள்ள சுண்ணத்தைச் சேர்த்துக்கொண்டு சில நாட்களில் காரையாக இறுகுகிறது. அப்புறம் ஈறு வீங்குகிறது, தொட்டால் ரத்தம். நீரிழிவுக்காரருக்கு ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும். ஆகவே நார் சிக்கினால் மட்டும் நூலைத் தேடுபவர், தீப்பிடித்தால் மட்டும் கிணறு வெட்டுபவர் சாதி.

முதல் நாள் நூலில் ரத்தத்தைப் பார்த்ததும் “நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று டப்பாவை அலமாரி மேல் வீசுவது பரவலான பழக்கம். ரத்தம் வருவது ஈறு ஏற்கனவே அழன்றிருப்பதால்தான். மென்மையாகத் தொடர்ந்தால் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

எதிர்க்கட்சிக்கும் வலுவான வாதம் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் ஒரு செய்தி வெளியிட்டது: அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்து ஃப்ளாஸ் பற்றிய வரி ஓசையில்லாமல் காணாமல் போயிருக்கிறது, அதன் பலன் முறைப்படி ஆராயப்படவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. உலகெங்கும் சோம்பேறிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2019இல் மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 35 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பிரஷ்ஷோடு ஃப்ளாஸும் சேர்ந்தால் ஈறு அழற்சி குறையக்கூடும், இடுக்குப் பிரஷ் அதைவிட மேலாக இருக்கக்கூடும், சான்றின் உறுதி குறைவு என்றது. இடுக்குச் சொத்தையை அளந்த சோதனை அதில் ஒன்றுகூட இல்லை. சொத்தை விழ ஆண்டுகள் ஆகும். சோதனைகளோ பெரும்பாலும் சில வாரம், சில மாதம். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தென்னை காய்க்கவில்லை என்று எழுதுவது போலத்தான்.

ஆய்வாளர் மிகவும் ரசித்தது 2006இல் வெளியான ஒரு தொகுப்பு. 4 முதல் 13 வயது வரையிலான 808 சிறுவர்களிடம் நடந்த ஆறு சோதனைகளை அது ஆராய்ந்தது. பள்ளி நாட்களில் எல்லாம், 1.7 ஆண்டுகள், தேர்ந்த கைகள் நூல் விட்ட பிள்ளைகளுக்குச் சொத்தை அபாயம் 40 சதவீதம் குறைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கைகள் விட்டபோது பயனில்லை. பதின்பருவத்தினர் தாமே விட்டுக்கொண்டபோதும் பயன் தெரியவில்லை. சுருக்கமாக, நூல் வேலை செய்கிறது, நாம்தான் வேலை செய்வதில்லை. தினமும் யாராவது நமக்கு விட்டுவிட்டால் எல்லாம் சரியாகும். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட அத்தை இருந்த கூட்டுக் குடும்பத்தைக் கலைத்தது எவ்வளவு பெரிய தவறு என்பது இங்கே விளங்கும்.

நூலைக் கைவிட்டவர்கள் கடைசியில் வந்து சேரும் இடமும் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறது. 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்துக்குப் போகும் தெருவில் மசாலாக் கடைகள். சாக்கு வாயில் கிராம்பு குவிந்து கிடக்கும். நள்ளிரவுப் பல்வலிக்காரர் வாயில் அதக்கும் அந்தக் கிராம்பின் எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். நரம்பை மரக்கவைக்கும் இதையே பல் வைத்தியர்கள் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிகமாகக் குழியை அடைக்கிறார்கள். கிராம்பு வலியை மறக்கடிக்கும், குழியை மூடாது. கடைக்காரருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

செய்முறை சிறியது. ஒன்றரை அடி நூல்; இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொள்ள வேண்டும். அறுப்பது போல முன்னும் பின்னும் அசைத்து இடுக்கில் மெல்ல இறக்க வேண்டும்; வெடுக்கென்று இறக்கினால் ஈறு கிழியும். பல்லின் பக்கச் சுவரை அணைத்தாற்போல நூலை வளைத்து, ஈறு ஓரம் வரை சென்று மேலும் கீழும் தேய்க்க வேண்டும். அடுத்த சுவருக்கும் அப்படியே. அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி. நூல் நுழையாத அளவு இடுக்கு நெருக்கமாகவோ, இடுக்குப் பிரஷ் தேவைப்படும் அளவு அகலமாகவோ இருந்தால் வைத்தியர் சொல்வார்.

முப்பத்திரண்டு பல்லும் உள்ளவருக்கு இடுக்கு முப்பது. இன்றிரவு அவற்றை முடித்தபின் கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறமும் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே இடுக்கு கிடையாது, அழுக்கு உண்டு.